யார் வீட்டுக் கரி

அந்த அம்மாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டை எடுத்து நகத்தின் மேல் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். காய்கறி வண்டி வந்தால் தராசுத் தட்டைத் திருப்பி அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவுவார். என் மனைவி கொடுத்தனுப்பும் குழம்பை முகர்ந்துவிட்டுத்தான் வாங்குவார். "தப்பா நெனைக்காதீக, எனக்கு இது பழக்கமாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே முகர்வார். எனக்குத் தெரிந்து அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் நான். அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

போடியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் ஒரு சின்ன ஓட்டு வீடு. அதற்கும் பின்னால் எனக்குச் சொந்தமான காலி மனை. அதில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஏலக்காய் சுத்தம் செய்கிற ஒரு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஓட்டு வீட்டுக்கு முன்பக்கம் ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு ஜன்னல். பின் ஜன்னல் என் கொட்டகையைப் பார்த்திருக்கும். கணவர் இறந்த பிறகு தேவாரம் பக்கத்திலிருந்து மகளோடு வந்து அந்த வீட்டில் குடியேறியவர் அந்த அம்மா. தையல் தொழில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பார். மகள் தேனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இளைப்பு உண்டு. தேவாரத்தில் மழைக்காலத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது, போடிக்கு வந்த பிறகு மாதம் பார்க்காமல் வந்தது. படிப்பு முடிய ஒரு வருடம் பாக்கி. முடித்தால் அந்த வீட்டுக்கு ஒரு சம்பளம் வரும். முடிக்க வேண்டுமானால் அவள் நாள் தவறாமல் வகுப்புக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் மூச்சு விட வேண்டும்.

காலையில் எழுந்ததும் அந்த அம்மா ஜன்னல் கட்டையில் ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுப்பார். நுனி கறுத்திருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சந்தில் போகிறவர்களிடம், "இது யாரு வீட்டுக் கரி?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. விரல் நுனியில் இருப்பதற்கு ஒரு முகவரி இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

முதல் சந்தேகம் ஜீப்புகள் மேல். எங்கள் தெரு முனையில் விடியற்காலையிலிருந்தே ஜீப்புகள் வந்து நிற்கும். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களை மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போகிற வண்டிகள். எல்லாரும் வந்து சேரும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அந்த அம்மா ஒரு நாள் தையலில் மிஞ்சிய வெள்ளைத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போய், ஒரு ஜீப்பின் புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து பிடித்தார். ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார்.

"என்னக்கா, வண்டிக்குக் காய்ச்சல் பாக்குறீகளா?"

"ஆமா. வாயை நல்லாத் தொறக்கச் சொல்லு."

வண்டிக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எஞ்சினை அணைக்கும்படி அவர் சொன்னார். அணைத்தால் மறுபடி கிளம்பாது, ஏறின பொம்பளைகளே இறங்கித் தள்ளவேண்டி வரும் என்றார் ஓட்டுநர்.

"அப்பத் தள்ளட்டும். என் மக மூச்சைத் தள்ளுறதுக்கு அது லேசு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இதை அந்த ஓட்டுநரே பின்னால் எனக்குச் சொன்னார். அதோடு அந்த அம்மா விட்டுவிடவில்லை. ஜீப் புகை படிந்த துணியையும் தன் ஜன்னலைத் துடைத்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஜீப்புக் கரி உலர்ந்தது, உதறினால் பாதி போகும். ஜன்னல் கரி பிசுபிசுவென்று துணியைப் பிடித்துக்கொண்டது, சோப்புக்கும் போகவில்லை. மறுநாள் காலையில் தெரு முனைக்குப் போய், "உன் வண்டி மேலயும் தப்பு இருக்கு. ஆனா என் வீட்டுக்கு வர்றது முக்காவாசி உன்னுது இல்ல" என்று அந்த ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு வந்தார். சந்தேகப்படுகிறவர்கள் பொதுவாக இப்படித் திரும்பிப் போய்ச் சொல்வதில்லை.

அடுத்தது குப்பை. முனையில் உள்ள காலியிடத்தில் காலை நேரத்தில் புகை கிளம்பும். கூட்டுகிற பெண்கள்தான் கொளுத்துகிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. இவர் ஒரு சட்டையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்படியில் உட்கார்ந்து பொத்தான் தைத்தபடி காவல் காத்தார். மூன்றாம் நாள் பிடித்தார். தீக்குச்சி கிழித்தவர் தெருவில் மரியாதையாக நடமாடுகிற ஒரு பெரியவர். காலை நடை முடித்து வரும்போது தன் வீட்டுக் குப்பைப் பையையும் கொண்டுவந்து போட்டுப் பற்றவைத்துவிட்டுப் போவாராம். "கொசுவுக்காகப் போடுறேம்மா" என்று அவர் சமாளித்ததற்கு, "கொசு அங்கனயே இருக்கு, எம் மகதான் ஓடணும்போல இருக்கு" என்றாராம். இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சந்தேகம் தெருவில் ஒவ்வொரு வீடாக நின்று நின்று போவதை நான் என் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது என் கதவைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தெருவில் எல்லாருக்கும் 'சார்'. அந்தப் பிசுபிசுப்பான கரி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

காய்ந்த ஏலக்காயின் நுனியில் வாடிய பூவும் காம்பும் ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து எடுத்துக் காயை மினுக்குகிற இயந்திரம் என் கொட்டகையில் ஓடியது. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். ஈரம் பட்டு வந்த மூட்டைகளை மறுபடி காய வைக்க ஒரு விறகு அடுப்பும் உண்டு. விறகு விலை ஏறியபோது உதிர்ந்த பூவையும் காம்பையும் அள்ளி அடுப்பில் போட ஆரம்பித்தார்கள். அதோடு, மூட்டைக்குள்ளே ஈரம் புகாமல் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் உறைகள் கிழிந்து குவியும் அல்லவா, அவற்றையும் போட்டார்கள். நன்றாக எரியும். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். நல்ல வாடகை, நல்ல மனிதர்கள், தீபாவளிக்கு ஒரு கிலோ பச்சைக் காய் கொண்டுவந்து கொடுப்பவர்கள்.

அந்தப் புகையை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணம் அதன் வாசனை. காம்பும் பூவும் எரிகிறபோது ஏலத்தின் மணம்தான் மேலே நிற்கும். எங்கள் ஊரில் அந்த மணத்தைப் புகை என்று யாரும் நினைப்பதில்லை. சளி பிடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காய் காய்கிற இடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிற பெண்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சூடும் மணமும் நெஞ்சுக்கு நல்லது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் வளர்ந்ததும் அப்படித்தான்.

அந்த வருடம் சட்டைகள் திரும்பி வந்தன. தைத்து முடித்துக் கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சட்டைகளின் தோள்பட்டையிலும் காலரிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் பழைய துணியில் தைத்துவிட்டார் என்று சந்தேகப்பட்டார்கள். ஊரையே சந்தேகப்படுகிறவர் மேல் அப்படி ஒரு சொல் விழுந்தது. எல்லாவற்றையும் வாங்கி வந்து மறுபடி துவைத்து, வெளியே போடப் பயந்து வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காய வைத்தார். இரண்டு ஜன்னலையும் அடைத்தார். மே மாதம். அந்த ஓட்டு வீட்டுக்குள் ஈரச் சட்டைகளுக்கு நடுவில் மகள் உட்கார்ந்து படிப்பாள். அவளுக்கு இளைப்பு கூடியது. அடுத்து வந்த வேலையைப் பள்ளிக்கூடம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

கொட்டகையிலிருந்து எனக்கு வந்தது வாடகை. அதை எல்லாரும் அறிவார்கள். அந்த வீட்டிலிருந்து போனது சோப்பு, கைவிட்டுப் போன தையல் வேலை, சும்மா கிடந்து தேதி கழிந்த பஸ் பாஸ், மகள் படுத்துக் கிடந்த நாட்கள், உட்கார்ந்தபடியே அவள் தூங்கிய இரவுகள். அது எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சோற்றுக்கரண்டி நீளத்துக்கு வெள்ளைத் துணி. பின் ஜன்னலைத் துடைத்தது.

"சார், நீங்க படிச்சவுக. நானும் ஊரெல்லாம் அலைஞ்சு பாத்துட்டேன். இது என்ன கரின்னு நீங்க சொல்லிட்டா நான் விட்டுர்றேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணியை வாங்கினேன். முகர்ந்தேன். மேலே ஏலம். அடியில் பிளாஸ்டிக் எரிந்த காரம். எவ்வளவோ மாணவர்களுக்குச் சோதனைக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த வாடை அது.

"ரோட்டுத் தூசிதாம்மா. பஸ்சு, ஜீப்பு, அடுப்பு, எல்லாம் கலந்தது. இதுல எது யாரோடதுன்னு பிரிக்க முடியாது" என்றேன்.

"ஏலக்கா வாடை அடிக்குதே சார்?"

"போடில எதுல அடிக்கல? அது நல்லதுதானே. நெஞ்சுச் சளிக்கு உங்களுக்குத் தெரியாத மருந்தா?"

அவர் துணியைத் திரும்ப வாங்கி மடித்தார். யோசித்தார். "அப்ப அந்தப் பின் ஜன்னலை மட்டும் தொறந்து வைக்கட்டுமா சார்? அது பக்கமாத்தான் வாசம் வருது."

"திறந்து வைங்க" என்றேன்.

வெறும் இரண்டு சொல். வீடு முழுக்க அடைத்து வைத்திருந்தவர், அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஜன்னலைத் திறந்து மகளுடைய நாற்காலியை அதன் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். என் மனைவிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "நம்ம கொட்டகைப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து போட்டு அந்தப் பிள்ளையை ஒக்கார வெச்சிருக்காக. நீங்கதான் சொன்னீகளாம்." நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கும் வாடகை பற்றித் தெரியும்.

அதற்குப் பிறகு இருமல் சந்து முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. ஊர் திரும்பிப் பார்த்தது. அது டிபியாக இருக்குமோ என்று ஒரு வீட்டில் பேசினார்கள். மறுவாரம் அது டிபிதான் என்று நாலு வீட்டில் பேசினார்கள். மளிகைக் கடைக்காரர் அந்தப் பெண்ணின் கையில் பொட்டலத்தைக் கொடுக்காமல் பலகை மேல் வைத்தார். பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த தூரத்துச் சொந்தம், படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டது. தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியைச் சிலர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். எச்சில் தம்ளர் போல அந்த வீட்டைத் தனியே வைத்துவிட்டார்கள். "டிபி இல்லைன்னு தேனி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு, இந்தாங்க" என்று அந்த அம்மா ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். எழுதிக் கொடுத்த சீட்டை யார் நம்புவார்கள்? அவரே நம்பமாட்டார்.

ஒரு நாள் என்னிடம் மனு எழுதித் தரச் சொன்னார். திங்கட்கிழமை தேனிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும், தனக்கு எழுத்து கோணலாக வரும், சார் எழுதினால் மதிப்பார்கள் என்றார். உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தேன். ஜீப்புகள் எஞ்சினை அணைக்காமல் நிற்பது, காலியிடத்தில் குப்பை கொளுத்துவது, சாலைத் தூசி, டீக்கடை அடுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. என் கொட்டகை அதில் இல்லை. அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் போட்டுட்டீக சார்" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

விசாரிக்க ஆள் வரப் போகிறார் என்று, மனுவில் நான் கொடுத்திருந்த என் முகவரிக்குக் கடிதம் வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வருகிறவர் அந்த வீட்டுக்குள் போய்ப் பின் ஜன்னலருகே நின்றால் போதும். அந்த அம்மா வேறு கூடவே நடந்து எல்லாத் துணியையும் எடுத்துக் காட்டுவார். அவர் அங்கே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே கூட அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்ல காற்று வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

என் மைத்துனருக்குக் குரங்கணிக்கு மேலே ஒரு சின்ன ஏலத் தோட்டம். பத்து நாள் அங்கே போய் இருந்தால் நெஞ்சு தெளிந்துவிடும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். நெஞ்சுக் கோளாறு என்றால் மலைக்கு அனுப்புவது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். மைத்துனரிடம் பேசினேன். மழை பிடித்திருக்கிறது, தொழிலாளர் வீடுகள் ஒழுகுகின்றன, ஸ்டோருக்கு மேல் உள்ள அறைதான் காய்ந்து கிடக்கிறது என்றார். ஸ்டோர் என்றால் பறித்த காயை உலர்த்துகிற கட்டடம். கீழே அடுப்பு இராப்பகலாக எரியும். அதன் சூடு பெரிய இரும்புக் குழாய்கள் வழியாகச் சுற்றி வரும். மேலே பலகைத் தளம் போட்டு ஒரு அறை. "கதகதன்னு இருக்கும் மாப்ளே, காய் ஆவி வேற. சளியெல்லாம் இளகிப் போகும்" என்றார் மைத்துனர். அவர் நம்பித்தான் சொன்னார். மழையில் நனைந்த விறகு எப்படிப் புகையும், துருப்பிடித்த குழாய் மூட்டுகளில் அது எப்படிக் கசியும், சூடாக மேலே ஏறி எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். சரி என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா எல்லாவற்றையும் சோதித்தார். ஜீப்பின் நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். வந்திருந்தது அந்தத் தெருமுனை ஓட்டுநரேதான்; அவரிடம், குடித்திருக்கிறாரா என்று ஊதிக் காட்டச் சொன்னார். "இப்ப எனக்கும் காய்ச்சல் பாக்குறீகளா?" என்று அவர் ஊதினார். மேலே குடிக்க எந்தத் தண்ணீர், கக்கூஸ் எங்கே, தாழ்ப்பாள் உண்டா என்றெல்லாம் கேட்டார். எந்த அறை என்று மட்டும் கேட்கவில்லை. "சார் பாத்து வெச்சிருப்பாக" என்று மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நாலாம் நாள் விசாரிக்க ஒருவர் வந்தார். இளைஞர், பொறுமையானவர். அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று கொட்டகையில் சொல்லி வைத்திருந்தேன். சந்தில் நின்று மூச்சை இழுத்து, வாசம் நன்றாக இருக்கிறது சார் என்றார். மனு கொடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். ஊரில் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்களுக்குக் கொஞ்சம் சந்தேகக் குணம். பால்காரர்ல இருந்து எல்லார் மேலயும் உண்டு" என்று சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு எழுதினார். என் மனைவி காப்பி கொடுத்தாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஜீப் ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

காலையில் லோடு ஏற்ற மேலே போனவர் ஸ்டோர் பக்கம் கூப்பிடுகிற சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு நகமெல்லாம் நீலம் பூத்திருந்ததாம். தூக்கிப் போட்டுக்கொண்டு, வளைவெல்லாம் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே இறங்கித் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே என்னிடம் வந்திருக்கிறார். உயிர் இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்.

"அந்த ரூம்புக்குள்ள என்னால கண்ணத் தொறக்க முடியல சார். மொதல்ல ஜன்னலைத் தொறங்கன்னேன். அந்தக்கா தொறக்க மாட்டேங்குது. ஏல ஆவி வெளிய போயிரும், சார் சொல்லியிருக்காகன்னு குறுக்க நிக்குது."

நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன்.

"நான் எட்டாப்புதான் சார் படிச்சேன். எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்துவார், மரியாதையாக வழி விடுவார், பேச மாட்டார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. ஒரு மாடி ஏறினால் நடுவில் உட்கார வேண்டும். வகுப்புக்குப் போன நாட்கள் போதவில்லை என்று அந்த வருடப் படிப்பு போனது. மறுபடி சேரலாம், ஆனால் வார்டில் நின்று வேலை பார்க்க இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த ஊர்க் காற்றே வேண்டாம் என்றும் சொன்னார்கள். ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் அந்த அம்மாவின் தங்கை வீடு இருந்தது. அங்கே போய்விட முடிவு செய்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்ப் பழம் கொடுத்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லவில்லை. கொட்டகைக்காரர்களிடம் பிளாஸ்டிக்கை எரிக்கக்கூடாது என்றேன், சரி என்றார்கள். இப்போது வாடகை விஷயங்களை என் மகன் பார்க்கிறான். எரிப்பதில்லை என்று அவனும் சொல்கிறான். நான் போய்ப் பார்ப்பதில்லை. ஓட்டு வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. பேறுகாலம் முடிந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அந்தப் பின் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று மாடியிலிருந்து பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதியதை முதலில் அந்த ஓட்டு வீட்டில்தான் கொடுக்கப் போகிறேன்.

அவர்கள் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். மதுரைக்குப் போகிற சாயங்கால ரயில். வெயில் இறங்கி மலையெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தையல் இயந்திரத்தைச் சாக்கில் சுற்றி ஏற்றிக் கொடுத்துவிட்டு ஜீப் ஓட்டுநர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா பெட்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"ஆஸ்பத்திரில டாக்டரு ஒண்ணு கேட்டாக சார். வீட்டுக்குப் பக்கத்துல பிளாஸ்டிக்கு எரிக்கிற எடம் ஏதும் இருக்கான்னு. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்."

நான் மலையைப் பார்த்தேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் ஒரு மாசமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். வேணாம். கேக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊருல ஒருத்தரையாச்சும் சந்தேகப்படாம விட்டுட்டுப் போறேன் சார்."

சொல்லிவிட்டு அவர் உடனே ஏறிவிடவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு வாக்கியம்.

"உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று அவர் ஏறிக்கொண்டார்.